ராக்கப்பன் உட்கார்ந்து பேசிய இந்தி

ஐம்பத்து நாலு வயது மனிதரை 'ரூம் பாய்' என்று கூப்பிடுவது எந்த ஊர் நியாயம் என்று யாரும் கேட்டதில்லை. ராக்கப்பனும் கேட்டதில்லை. மீசை நரைத்து, மகளைக் கட்டிக்கொடுத்து, பேரன் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிறகும் வருகைப் பதிவேட்டில் அவர் ரூம் பாய்தான். ஓட்டல் மூடி, கட்டடம் பல்கலைக்கழகமாகி, அறை என்றாலே வகுப்பறை என்று ஆன பிறகும் அந்தப் பெயர் பிடிவாதமாக அவரோடு ஒட்டிக்கொண்டு வந்தது. பல்கலைக்கழகத்தில் ரூம் பாய்க்கு என்ன வேலை? அந்தக் கேள்வி மேலிடத்துக்கும் தோன்றி, நவம்பர் மாதம் ஒரு சுற்றறிக்கை வந்தது.

சுற்றறிக்கை சொன்ன சங்கதி இதுதான். ஓட்டலிலிருந்து கூடவே வந்த பதினெட்டுப் பேரில் தோட்டக்காரர் தோட்டத்துக்கும், சமையல்காரர்கள் விடுதிச் சமையலறைக்கும், எலக்ட்ரீஷியன் பழைய வயர்களோடு மல்லுக்கட்டவும் போய்விட்டார்கள். மிச்சமுள்ள ஐந்து பேரை மார்ச் முப்பத்தொன்று வரை வைத்துக்கொள்வார்கள். அதற்குள் ஏதாவது ஒரு துறை 'இவர் எங்களுக்கு வேண்டும்' என்று எழுதிக்கொடுத்தால் அவர் அந்தத் துறையின் ஆள். இல்லையென்றால் ஒரு சால்வையைப் போர்த்தி அனுப்பிவிடுவார்கள். கீழே கையெழுத்துப் போட்டிருந்தவர் நிர்வாக அதிகாரி சங்கரபாண்டியன். பொல்லாத மனிதர் என்று சொல்ல முடியாது. விதி என்று ஒன்று எழுதியிருந்தால் அதற்கு மேலும் போகமாட்டார், கீழும் வரமாட்டார்.

சிவகாசியிலிருந்து விருதுநகர் போகிற வழியில், மெயின் ரோட்டை விட்டு அரை மைல் உள்ளே தள்ளி நிற்கிறது பொன்னுத்தங்கம் பேலஸ். பட்டாசுக் கம்பெனி நடத்திய குடும்பம் ஒன்று அறுபதுகளில் தங்கள் தாயார் பெயரில் கட்டியது. அறுபத்து நாலு அறை, பளிங்குப் படிக்கட்டு, நீச்சல் குளம், கிரிக்கெட் ஆடும் அளவுக்குப் புல்வெளி. இந்தக் கந்தக பூமியில் யார் வந்து நீந்தப்போகிறார்கள் என்று ஊர் சிரித்தது. ஆனால் ஆட்கள் வந்தார்கள். தீபாவளி முடிந்த கையோடு அடுத்த வருட ஆர்டர் கொடுக்க ஜெய்ப்பூரிலிருந்தும் இந்தூரிலிருந்தும் ஜல்காவிலிருந்தும் சேட்டுகள் வந்து பத்து நாள், பதினைந்து நாள் குடும்பத்தோடு தங்குவார்கள். சாயங்காலம் ஆனால் புல்வெளியில் பிரம்பு நாற்காலிகள் போட்டு, கம்பெனிக்காரர்கள் சாம்பிள் வெடித்துக் காட்டுவார்கள். எந்தப் பூச்சட்டி எவ்வளவு உயரம் பூக்கிறது, எந்தச் சரம் நடுவில் நின்றுபோகிறது என்று பார்த்து அங்கேயே லோடு பேசி முடிப்பார்கள். சீசனில் அந்த வராந்தாவில் தமிழ் காதில் விழுவது அபூர்வம்.

அப்புறம் செல்போன் வந்தது. சாம்பிளை வீடியோவில் பார்த்து ஆர்டர் போடப் பழகிய சேட்டுகள் இரண்டு நாள் ரயிலேறி வருவதை விட்டுவிட்டார்கள். இரண்டாயிரத்து இருபதில் ஊரடங்கு வந்து கதவைச் சாத்தியபோது, திறக்கச் சொல்லி யாரும் வருந்திக் கேட்கவில்லை. மூன்று வருடம் கழித்துப் பல்கலைக்கழகம் வந்தது. நீச்சல் குளத்தைத் துடைத்துக் காயவைத்துத் திறந்தவெளி அரங்கமாக்கினார்கள். மாணவர்கள் படியில் உட்காருவார்கள். பேசுகிறவர் ஆழமான பக்கம் நின்று பேசுவார். அவர் தலைக்கு மேல் 'ஆழம் எட்டு அடி' என்ற பழைய எழுத்து அழியாமல் இருக்கும். பேச்சின் ஆழத்தைப் பொறுத்தவரை அந்த எழுத்து பல நாள் பொய் சொன்னது என்று மாணவர்களுக்குள் ஒரு கேலி உண்டு.

இதில் ராக்கப்பன் எப்படி வந்து சேர்ந்தார் என்று சொல்ல வேண்டும். காரியாபட்டிப் பக்கத்துக் கிராமம் அவருக்கு. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. பதினெட்டு வயதில் ஒரு துணிப்பையோடு வந்து பேலஸின் பின்வாசலில் நின்றார். வெள்ளைச் சட்டையும் வெள்ளைக் கால்சட்டையும் கொடுத்தார்கள். இரண்டு சட்டம் சொல்லிக்கொடுத்தார்கள். கதவை இரண்டு தட்டு தட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். விருந்தாளி முன்னால் உட்காரக் கூடாது. இந்த இரண்டையும் முப்பத்தொரு வருடம் அவர் ஒருநாளும் மீறவில்லை.

இந்தியை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. காதில் விழுந்து விழுந்து தானாக ஏறியது. முதலில் 'கரம் பானி', வெந்நீர். பிறகு 'அபி லாயா', இதோ கொண்டுவந்தேன். வண்டியிலிருந்து சேட்டு இறங்கியதும் 'கித்னே நக்?', அதாவது பெட்டிகள் எத்தனை உருப்படி. ஐந்து வருடத்தில் ரயில் நேரம், தலைவலி மாத்திரை, மருமகளுக்கு எந்தப் புடவைக் கடை நல்லது என்பது வரை சரளமாகச் சொல்வார். சிவகாசி வட்டாரத்தில் வாத்தியார் வைத்துப் படித்தவர்களைவிட ராக்கப்பனுக்கு இந்தி நன்றாக வரும் என்று ஓட்டலில் பேச்சு. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

பல்கலைக்கழகமான பிறகு அந்தப் பழைய பழக்கங்கள் அவரைப் பாடாய்ப் படுத்தின. முதல் வாரமே, நடந்துகொண்டிருந்த வேதியியல் வகுப்பின் கதவை இரண்டு தட்டு தட்டிவிட்டு, யோசிக்காமல் "ரூம் சர்வீஸ்!" என்று குரல் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து மாணவர்கள் அவரைப் பார்த்தால், "அண்ணே, ரெண்டு டீ, ஒரு காபி!" என்று ஆரம்பித்துவிடுவார்கள். அவரும் சிரித்துவிட்டுப் போவார். ஆனால் சுற்றறிக்கை வந்தபின் அந்தச் சிரிப்பு அவ்வளவு சுலபமாக வரவில்லை. துறை துறையாக ஏறி இறங்கினார். ஆய்வகத்துக்கு ஆய்வகம் தெரிந்தவர் வேண்டும் என்றார்கள். நூலகத்துக்குக் கம்ப்யூட்டர் தெரிய வேண்டும் என்றார்கள். இயற்பியல் துறையில் ஒருவர் அன்பாகவே கேட்டார்: "உங்களுக்கு என்னதான் தெரியும், ராக்கப்பன்?" இந்தக் கட்டடத்தில் எந்தக் குழாய் எப்போது ஒழுகும், எந்த ஜன்னலில் மேல்காற்று வரும் என்பதெல்லாம் தெரியும். அதைத் தெரிந்தது என்று சொல்லலாமா என்று அவருக்குத் தெரியவில்லை.

வினோலியா மேடம் சமூகப்பணித் துறைத் தலைவர். பழைய நூற்றெட்டாம் அறைதான் அவருக்கு அலுவலகம். நாற்பது வயது, வேகமான நடை, கோபம் வந்தால் இன்னும் வேகம். அவருக்கு அப்போது ஒரு கோபம் இருந்தது. பல்கலைக்கழகச் சுற்றுச்சுவருக்குப் பின்னால், ஒரு கிலோமீட்டர் தள்ளி, அட்டைப்பெட்டிக் கம்பெனி ஒன்றின் தகர வீடுகளில் பீகாரிலிருந்து வந்த முப்பது குடும்பங்கள் இருந்தன. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதாகத் தெரியவில்லை. எத்தனை பிள்ளைகள், ஏன் போகவில்லை என்று கேட்டு வர மாணவர்களை அனுப்பினார். போனில் தமிழில் பேசினால் அதுவே இந்தியாக மாற்றிச் சொல்லும் ஒரு வித்தையை அந்த மாணவர்கள் கொண்டுபோனார்கள். போன் பேசிய இந்தியைக் கேட்டு அந்த மக்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

ஜனவரியில் ஒருநாள் ராக்கப்பன் அவர் அறை ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ஜல்காவிலிருந்து வயதான சேட்டு ஒருவர், வருடத்துக்கு ஒருமுறை கூப்பிட்டு நலம் விசாரிப்பவர். ராக்கப்பன் போனைக் காதில் வைத்ததும் விறைப்பாக நிமிர்ந்து நின்று, ஒரு கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, "ஜீ சேட்ஜி... ஜீ, ஜீ..." என்று பேசியதை வினோலியா பேனாவை மூடிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, உங்களுக்கு இந்தி தெரியுமா?"

"கொஞ்சம் வரும், மேடம்."

"இதையா கொஞ்சம்ங்கீக? இத்தனை நாளா ஏன் சொல்லல?"

"யாரும் கேக்கலயே."

வினோலியா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார். "ஞாயித்துக்கிழமை என்கூட வாங்க. அந்தத் தகர வீட்டுப் பிள்ளைகளைப் பத்தி விசாரிச்சுக் குடுத்தீகன்னா, இவர் என் துறைக்கு வேணும்னு நானே எழுதிக் குடுக்கேன்."

அன்று ராக்கப்பன் சைக்கிளில் வீட்டுக்குப் போனாரா, பறந்து போனாரா என்று அவருக்கே தெரியாது.

ஞாயிற்றுக்கிழமைக்குப் பழைய ஓட்டல் சீருடையைப் பெட்டியிலிருந்து எடுத்து, நீலம் போட்டு, இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டார். பித்தளைப் பொத்தான்களைக்கூடத் துலக்கினார். போகிற இடத்தில் மரியாதையாக இருக்க வேண்டும் அல்லவா! அங்கேதான் எல்லாம் கெட்டது.

தகர வீடுகளின் முதல் வாசலில் ஒரு இளைஞன் உட்கார்ந்து கிழிந்த செருப்பைத் தைத்துக்கொண்டிருந்தான். பெயர் லக்கன் என்பது பிறகுதான் தெரிந்தது. ராக்கப்பன் திறந்திருந்த கதவை இரண்டு தட்டு தட்டினார். நிமிர்ந்து நின்றார். கையை நெஞ்சில் வைத்து, "நமஸ்தே சேட்ஜி" என்றார். அட்டைப்பெட்டிக்குப் பசை தடவிப் பிழைக்கிறவனை வாழ்நாளில் யாரும் அப்படிக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். அவன் ஊசியை அப்படியே வைத்துவிட்டு, இந்த ஆள் என்ன நக்கல் பண்ணுகிறானா என்று பார்த்தான். ராக்கப்பன் விடவில்லை. உள்ளிருந்து எட்டிப் பார்த்த குழந்தைகளைக் காட்டி, தனக்குத் தெரிந்த ஒரே எண்ணுகிற கேள்வியைக் கேட்டார்.

"கித்னே நக்?"

பிள்ளைகள் எத்தனை உருப்படி!

லக்கன் எழுந்தான். உள்ளே போனான். கதவு சாத்திக்கொண்டது. அடுத்தடுத்த கதவுகளும் சாத்திக்கொண்டன. பித்தளைப் பொத்தான் போட்ட வெள்ளுடுப்பு ஆள் ஒருவன் விறைப்பாக நின்று தலை எண்ணுகிறான். கம்பெனி தங்களைக் கிளப்பப் பார்க்கிறது என்று அந்தத் தகரக் கொட்டகைகள் முழுக்கச் செய்தி போய்விட்டது. பத்தே நிமிடத்தில் அந்தத் தெருவில் வினோலியாவும் ராக்கப்பனும் ஒரு ஆட்டுக்குட்டியும் மட்டும்தான்.

திரும்பி வரும்போது வினோலியா வேகமாக முன்னால் நடந்தார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று ராக்கப்பனுக்கு இருந்தது. முப்பத்தொரு வருடம் பெருமைப்பட்ட ஒரே சொத்து, வெளியில் எடுத்து நீட்டியதும் செல்லாமல் போய்விட்டது.

வீட்டில் மனைவி மாரிசெல்வியிடம் நடந்ததைச் சொன்னார். மாரிசெல்வி அச்சகத்தில் காலண்டர் பிரிவில் வேலை பார்ப்பவள். காலண்டர்களின் தலையில் தகரப் பட்டை அடித்து அடித்து விரல் காய்த்துப்போனவள். எதையும் நேராகக் கேட்டுவிடுவாள்.

"நின்னுக்கிட்டேவா பேசுனீக?"

"பின்ன?"

"அவுக உக்காந்திருக்காக. நீக போலீசு கணக்கா நின்னுக்கிட்டு எத்தனை உருப்படின்னு கேட்டா எவன் பதில் சொல்லுவான்? நானா இருந்தாலும் கதவைச் சாத்தியிருப்பேன்."

"உக்காந்தா எனக்கு இந்தி வராது, செல்வி," என்றார் ராக்கப்பன். சொன்ன பிறகுதான் அது உண்மை என்று அவருக்கே உறைத்தது. அந்தப் பாஷையை அவர் ஒருநாளும் உட்கார்ந்து பேசியதில்லை.

மாரிசெல்வி சிரிக்கவில்லை. "அந்தப் பாஷையில நீக யார்கிட்டயாச்சும் பேசியிருக்கீகளா? கேட்டதுக்குப் பதில் சொல்லியிருக்கீக. அம்புட்டுத்தான்," என்றாள். பிறகு தன் விஷயத்துக்கு வந்தாள். "எங்க செக்சன்ல பூல்மதின்னு ஒரு பிள்ள இருக்கா. அந்தக் கொட்டகையிலதான் குடியிருக்கா. எனக்கு அவ பேச்சு ஒரு எழுத்து தெரியாது, அவளுக்கு என் பேச்சு தெரியாது. ஆறு மாசமா ஒரே தட்டுல சாப்பிடுதோம். அடுத்த ஞாயித்துக்கிழமை நானும் வாரேன். அந்த வெள்ளைச் சட்டையைக் கழட்டிப் போட்டுட்டு கைலியோட வாங்க."

கைலியோடு போக ராக்கப்பனுக்கு மனம் வரவில்லை. வேட்டி கட்டிக்கொண்டார். வினோலியாவிடம், "இன்னொரு தடவை போய்ப் பார்க்கேன், மேடம். நீங்க வர வேண்டாம்," என்று மட்டும் சொன்னார். வினோலியா அவரை ஒரு முறை பார்த்துவிட்டுச் சரி என்றார்.

பூல்மதியின் வீடு, எந்த வீடு முதலில் கதவைச் சாத்தியதோ அதே வீடு. லக்கன் அவள் புருஷன். ராக்கப்பனைக் கண்டதும் அவன் முகம் சுருங்கியது. ஆனால் மாரிசெல்வி அதற்குள் வாசலைத் தாண்டி, பூல்மதியின் பக்கத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கொண்டுபோயிருந்த முருங்கைக் கீரைக் கட்டைப் பிரித்துப் பாதியை அவள் மடியில் தள்ளிவிட்டாள். இருவரும் கீரை உருவ ஆரம்பித்தார்கள். ராக்கப்பன் வாசலிலேயே நின்றார். நின்றுகொண்டே இருந்தார். லக்கன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பாயின் ஓரத்தைத் தட்டினான்.

"பைட்டோ, பையா." உட்காரு, அண்ணே.

உட்கார்ந்தார். மாரிசெல்வியிடம் சொன்னது அப்படியே பலித்தது. ஒரு வார்த்தை வரவில்லை. வெந்நீர், செய்தித்தாள், ரயில் நேரம் எல்லாம் எங்கோ போய் ஒளிந்துகொண்டன. வேர்த்துக் கொட்டியது. லக்கனின் மகள், ஏழு வயது இருக்கும், குடியா என்று கூப்பிட்டார்கள், எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து இரண்டு கையாலும் நீட்டினாள். அந்தப் பாஷைக்காரர்களுக்கு ஆயிரக்கணக்கான டம்ளர் தண்ணீர் கொடுத்தவர் அவர். வாங்கிக்கொண்டது அன்றுதான் முதல் தடவை. வாங்கிக்கொள்கிறவர் இந்தியில் என்ன சொல்ல வேண்டும் என்று யோசித்துப் பார்த்தார். தெரியவில்லை. சேட்டுகள் தண்ணீர் வாங்கிக்கொண்டு ஒன்றும் சொன்னதாக அவருக்கு நினைவில்லை. தமிழிலேயே, "நல்லா இரு தாயி," என்றார். அது போதும்போல அந்தப் பிள்ளை சிரித்தது.

தண்ணீர் உள்ளே போனதும் நாக்கு கொஞ்சம் அசைந்தது. "காவ் கஹா?" என்று லக்கனிடம் கேட்டார். ஊர் எங்கே? டீயா காபியா, பெட்டி எத்தனை என்பதைத் தாண்டி அவர் இந்தியில் கேட்ட முதல் கேள்வி அது. லக்கன் சொன்னான். கயாவுக்கு அந்தப் பக்கம், ஆற்றோரம் ஒரு ஊர். ஆற்றில் மழைக்காலம் போக வெறும் மணல். ராக்கப்பன், தன் ஊர்க் கண்மாயும் அப்படித்தான் என்று சொல்லத் தொடங்கி, கண்மாய்க்கு வார்த்தை தெரியாமல், கையால் தரையில் வட்டம் போட்டுக் காட்டினார். பதினெட்டு வயதில் ஒரே பையோடு தானும் கிளம்பி வந்ததைச் சொன்னார். ஆண்பால் பெண்பாலெல்லாம் தாறுமாறாக விழுந்தது. சேட்டுகளிடம் பேசியபோது ஒரு பிழையும் வராத அதே இந்தி, இங்கே வாக்கியத்துக்கு வாக்கியம் தடுக்கி விழுந்தது. யாரும் பொருட்படுத்தவில்லை. போன வாரம் 'நக்' என்று கேட்டது ஏன் என்பதை, தலையில் பெட்டி சுமந்து நடித்துக் காட்டி விளக்கியபோது லக்கன் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தான். பூல்மதி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பக்கத்து வீடுகளிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்து, பிறகு உள்ளே வந்து, அந்தச் சின்னப் பாயில் இடம் போதாமல் போனது.

அன்று சாயங்காலம் திரும்பியபோது அவர் கையில் ஒரு காகிதம் இருந்தது. இருபத்து மூன்று பிள்ளைகள். பெயர், வயது, எந்த ஊரில் எதுவரை படித்தது. பள்ளிக்கூடம் போகாததற்குக் காரணமும் இருந்தது. போன வருடம் நாலு பேர் போனார்கள்; வகுப்பில் பேசுவது ஒன்றும் புரியாமல் ஒரு மாதம் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டார்கள். சோம்பேறித்தனமும் இல்லை, பிள்ளையை வேலைக்கு அனுப்பும் எண்ணமும் இல்லை. வினோலியா அந்தக் காகிதத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாலு மாசமா நான் செய்யாததை ஒரே நாள்ல செஞ்சிட்டீக, அண்ணே," என்றார்.

அதிலிருந்து வேலை வேகம் பிடித்தது. ஜூனில் அரசுப் பள்ளியில் சேர்வதற்குள் பிள்ளைகளுக்குத் தமிழ் ஓரளவு புரிய வேண்டும். பேலஸின் பழைய சாப்பாட்டுக் கூடத்தில் மாணவர்கள் தினமும் சாயங்காலம் சொல்லிக்கொடுப்பது என்றும், ஞாயிறு முழு நாள் என்றும் திட்டம் போட்டார் வினோலியா. கூடத்தில் பரீட்சை நடந்துகொண்டிருந்ததால் மார்ச் கடைசி ஞாயிறுதான் ஆரம்பிக்க முடிந்தது. பெற்றோர்களிடம் இதைச் சொல்லப் போனவர் ராக்கப்பன்தான். அவர்கள் பிள்ளைகளை அனுப்பத் தயார். ஆனால் அந்தப் பெரிய கேட்டைப் பார்த்து அவர்களுக்குப் பயம். பூல்மதி ஒன்றே ஒன்று கேட்டாள்: "நீ அங்கே இருப்பாயா, பையா?"

ராக்கப்பன், "முதல் நாள் இருப்பேன்," என்றார். அடுத்த நாள் மார்ச் முப்பத்தொன்று என்பதை அவர் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

ஏனென்றால் கடிதம் அசையவில்லை. வினோலியா மார்ச் முதல் வாரமே எழுதிக்கொடுத்துவிட்டார். சங்கரபாண்டியன் அதைப் படித்துவிட்டு, "மேடம், இது மூணு மாசத் திட்டம். துறைக்கு நிரந்தரமா ஆள் வேணும்னாதான் விதி இடம் குடுக்கும். ஜூனுக்கு அப்புறம் இவருக்கு என்ன வேலைன்னு எழுதுவீக?" என்று கேட்டார். வினோலியா வாதாடிப் பார்த்தார். கோபப்பட்டும் பார்த்தார். கோப்பு மேசையிலேயே கிடந்தது. ராக்கப்பன் வாரம் இரண்டு முறை அந்த அறை வாசலில் போய் நின்றுவிட்டு வந்தார். வீட்டில் மாரிசெல்வி அதைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டாள். அவள் கேட்காமல் இருந்தது அவருக்கு இன்னும் வலித்தது. வேலை போவதைவிட, இப்போதுதான் பேசக் கற்றுக்கொண்ட பாஷையைப் பேச இடமில்லாமல் போவதை அவரால் தாங்க முடியவில்லை.

மார்ச் முப்பது, ஞாயிறு காலை. சேர்க்கை வேலைக்காகச் சங்கரபாண்டியனும் அலுவலகம் வந்திருந்தார். ஒன்பது மணிக்குக் கேட்டிலிருந்து காவலாளி போன் செய்தார்.

"சார், வடக்கத்திக்காரங்க பிள்ளைகளோட வந்து நிக்காக. கேட்டைத் திறந்துவிட்டும் உள்ள வர மாட்டேங்காக. நான் சொல்லுறது அவுகளுக்கு விளங்கல, அவுக சொல்லுறது எனக்கு விளங்கல. ராக்கப்பன், ராக்கப்பன்ங்கிறது மட்டும் விளங்குது."

சங்கரபாண்டியன் இறங்கி வந்தார். கேட்டுக்கு வெளியே, வெயிலில், இருபத்து மூன்று பிள்ளைகளும் எண்ணெய் வைத்துத் தலை சீவி வரிசையாக நின்றார்கள். பின்னால் தாய்மார்கள். பெட்டிக் கம்பெனியில் அன்று கிடைக்கிற அரைநாள் ஓய்வை விட்டுவிட்டு வந்தவர்கள். அவர் "வாங்க, உள்ள வாங்க," என்று கையை ஆட்டினார். ஒருவரும் அசையவில்லை. கூடத்தில் பாய் விரித்துக்கொண்டிருந்த ராக்கப்பனுக்கு ஆள் போயிற்று. வினோலியாவும் கூடவே ஓடிவந்தார்.

ராக்கப்பனைப் பார்த்ததும் பூல்மதியின் முகம் தெளிந்தது. ஆனாலும் குடியாவின் கையை விடவில்லை. பளிங்குப் படிக்கட்டையும், சட்டைப் பையில் பேனா குத்திய அதிகாரியையும் ஒருமுறை பார்த்துவிட்டு, ராக்கப்பனிடம் மெதுவாக ஏதோ கேட்டாள். கேட்டுவிட்டு அதிகாரியையே பார்த்தாள். பதில் அவரிடமிருந்துதான் வர வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

"என்ன கேக்காக?" என்றார் சங்கரபாண்டியன்.

ராக்கப்பன் குடியாவைப் பார்த்தார்.

"சொல்லுங்க, ராக்கப்பன். என்ன கேக்காக?"

ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் கூட்டாமல் குறைக்காமல் கொண்டுசேர்ப்பது அவர் தொழில். மறைத்துப் பழக்கமில்லை.

"நான் இங்கன என்னவா இருக்கேன்னு கேக்காக, சார். நாளைக்கும் இருப்பேனான்னு கேக்காக." ஒரு மூச்சு விட்டார். "என்னன்னு சொல்லட்டும்?"

காவலாளி தரையைப் பார்த்தார். சங்கரபாண்டியன் கேட்டுக்கு வெளியே நின்ற வரிசையைப் பார்த்தார். ஒரு பிள்ளை கையில் சிலேட்டு மாதிரி ஒரு அட்டைத் துண்டை வைத்திருந்தது. பெட்டிக் கம்பெனி அட்டைதான், நாலு பக்கமும் அளவாக வெட்டியது. அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். விதியில் இதற்கு எந்தப் பக்கம் என்று தேடினாரோ என்னவோ.

"நம்ம ஆளுன்னு சொல்லுங்க," என்றார். "நாளைக்கும் இருப்பாரு, ஜூனுக்கு அப்புறமும் இருப்பாருன்னு சொல்லுங்க. எழுத வேண்டியதை நான் எழுதிக்கிடுதேன்."

ராக்கப்பன் பூல்மதியின் பக்கம் திரும்பினார். 'நம்ம' என்பதற்கு இந்தியில் என்ன வார்த்தை என்று அவருக்குத் தெரியும். உங்கள் சாவி, உங்கள் டீ, உங்கள் பெட்டி என்று 'ஆப்கா' என்பதை முப்பத்தொரு வருடம் சொல்லியிருக்கிறார். 'ஹமாரா' என்று மற்றவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறார். தன் வாயால் சொல்ல ஒரு சந்தர்ப்பமும் வந்ததில்லை. இரண்டு முறை முயன்றார். மூன்றாவது முறை வந்துவிட்டது.

"சாஹிப் போலே... ஹமாரா ஆத்மி."

சாஹிப் சொல்லிவிட்டார், நம்ம ஆள்.

பூல்மதி தலையை ஆட்டினாள். குடியா அம்மாவின் கையை உருவிக்கொண்டு முதல் ஆளாகக் கேட்டுக்குள் ஓடினாள்.